541-ஆ, 417-ஆ?

அன்புள்ள ஆசிரியருக்கு,

உலகின் உயரமான கட்டடங்களைப் பற்றி இணையத்தில் உள்ள இரண்டு பட்டியல்களை ஒப்பிட்டுப் பார்த்தேன். முதலாவதில் வரிக்கு வரி அடிக்குறிப்பு, சில வரிகளுக்கு மூன்றுகூட இருக்கிறது. இரண்டாவதில் ஆதாரங்கள் குறைவு; சில இடங்களில் உயரமே நிரப்பப்படவில்லை. முதலாவதுதான் தரமானது என்கிறான் என் மகன். எனக்கு இரண்டாவதன் மேல்தான் நம்பிக்கை. ஆனால் நியூயார்க்கின் ஒன் வேர்ல்டு டிரேடு சென்டருக்கு முதலாவதில் 541 மீட்டர், இரண்டாவதில் 417. எதை நம்புவது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

இரண்டும் சரி. 417 என்பது கூரை வரை, 541 என்பது அதன்மேல் நிற்கும் கம்பத்தின் உச்சி வரை. அந்தக் கம்பம் கட்டட வடிவமைப்பைச் சேர்ந்த கோபுரமுனையா, வெறும் ஆன்டெனாவா என்று 2013-இல் பெரிய சர்ச்சை நடந்தது. கம்பத்தைச் சுற்றி வரவிருந்த உறையைக் கட்டும்போதே கைவிட்டிருந்தார்கள். அதனால் வந்த சந்தேகம். உயர்கட்டடங்களின் உயரத்தைத் தீர்மானிக்கும் சிடிபியுஎச் என்ற சர்வதேச அமைப்பு, கோபுரமுனைதான் என்று தீர்ப்புச் சொன்னது. ஆன்டெனா என்று சொல்லியிருந்தால் அமெரிக்காவின் மிக உயரமான கட்டடம் என்ற பட்டம் 442 மீட்டர் உள்ள சிகாகோவின் வில்லிஸ் கோபுரத்திடமே இருந்திருக்கும்.

வில்லிஸ் (அப்போது சியர்ஸ்) ஏற்கெனவே இதே விதியால் அடிபட்ட கட்டடம். 1996-இல் 452 மீட்டர் பெட்ரோனாஸ் கோபுரங்கள் அதை முந்தியதாக அறிவிக்கப்பட்டது. மனிதர்கள் புழங்கும் உச்சித் தளம் சியர்ஸில்தான் அதிக உயரத்தில் இருந்தது, ஆன்டெனாக்களைச் சேர்த்தால் 500 மீட்டரைத் தாண்டவும் செய்தது. இருந்தும் கோபுரமுனைக்கு மதிப்பு உண்டு, ஆன்டெனாவுக்கு இல்லை! அந்தக் கோபத்துக்குப் பிறகுதான் உயரம் பல வகையாகப் பிரிக்கப்பட்டது. இன்று மூன்று அளவுகள்: வடிவமைப்பின் உச்சி, மக்கள் பயன்படுத்தும் கடைசித் தளம், ஆன்டெனா உட்பட கட்டடத்தின் நுனி. 828 மீட்டர் புர்ஜ் கலீஃபாவில் கடைசித் தளத்துக்கு மேலே மட்டும் ஏறத்தாழ 244 மீட்டர் நிற்கிறது. தனியாக எடுத்து வைத்தால் அதுவே ஒரு வானளாவி.

ஆகவே நான் முதலில் அடிக்குறிப்பைப் பார்ப்பதில்லை, எண்களுக்கு மேலே உள்ள தலைப்பைப் பார்க்கிறேன். வெறுமனே 'உயரம்' என்று மட்டும் போட்டிருந்தால், கீழே நூறு ஆதாரம் இருந்தாலும் அந்தப் பக்கத்தை மூடிவிடுவேன்.

அடுத்து அந்த மூன்று அடிக்குறிப்புகள். திறந்து பாருங்கள். ஒன்று கட்டுமான நிறுவனத்தின் அறிக்கை, மற்றது அதை அச்சிட்ட நாளிதழ், மூன்றாவது நாளிதழைப் பார்த்து எழுதிய தரவுத்தளம் என்று இருக்கலாம். மூன்று குடங்கள், ஒரே கிணறு. இதைவிட மோசம், பட்டியலைப் பார்த்து நிருபர் எழுதியதையே பட்டியல் ஆதாரமாகக் காட்டுவது. செய்தியின் தேதி, பட்டியலில் அந்த எண் ஏறிய தேதிக்குப் பிந்தியதா என்று பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். எம்போரிஸ் என்ற கட்டடத் தரவுத்தளம் 2022-இல் மூடப்பட்டது. அதை மட்டுமே நம்பிய வரிகளில் இன்று சொடுக்கினால் எதுவும் கிடைக்காது.

நிறுவன அறிக்கை திட்டத்துக்குச் சாட்சி, கட்டி முடித்ததற்குச் சாட்சி அல்ல. ஒரு கிலோமீட்டரைத் தாண்டும் என்று சொல்லப்பட்ட ஜித்தா கோபுரத்தின் வேலை 2013-இல் தொடங்கி, 2018-இல் நின்று, பல ஆண்டுகள் அப்படியே கிடந்தது. அதை முடிந்த கட்டடங்களோடு வரிசைப்படுத்தும் பட்டியலிடம் எனக்குப் பொறுமை இல்லை. வரைபடமும் அனுமதி ஆவணமும் மேலான சாட்சிகள். விமானங்களுக்குத் தடையாக நிற்கும் உயரமானவற்றை விமானப் போக்குவரத்துத் துறை குறித்துவைக்கும் பதிவுகளும் நல்லவைதான், ஆனால் அவை ஆன்டெனா உட்பட நுனி வரை அளப்பவை. தரையிலிருந்து உள்ள உயரத்தோடு கடல்மட்டத்திலிருந்து உள்ள உயரமும் அவற்றில் இருக்கும். அவசரத்தில் அதை எடுத்தால் கட்டடத்தோடு மேடும் வளர்ந்துவிடும்.

304.8 என்று துல்லியமாகக் கண்டால் கொஞ்சம் நில்லுங்கள். யாரோ 'சுமார் 1000 அடி' என்று சொன்னதை மீட்டருக்கு மாற்றியதாக இருக்கலாம். மாடிகளின் எண்ணிக்கையை மூன்றால் பெருக்கி எழுதுகிறவர்களும் உண்டு. அப்படிப் பெருக்கி நிரப்பாமல் கட்டத்தை வெறுமையாக விட்டவர் மீது எனக்கும் உங்களைப் போலவே மரியாதை.

ஆனால் மகனிடம் போவதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். உங்கள் பட்டியலில் 417-க்கு மேலே 'கூரை வரை' என்று எழுதியிருக்கிறதா? இல்லையென்றால் அவனும் ஜெயிக்கவில்லை, நீங்களும் ஜெயிக்கவில்லை.