க்ரீப் மாடலிங்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

சுமை மாறாமல் இருந்தும் பொருள் காலப்போக்கில் மெல்ல உருமாறுவதே க்ரீப். அதைக் கணினியில் கணிப்பது பற்றிய கேள்விகள் இவை.

கேள்வி: ஈயம் அறை வெப்பநிலையிலேயே தொய்கிறது, எஃகு அப்படியே நிற்கிறது. ஏன்?

உருகுநிலையைக் கெல்வினில் பாருங்கள். ஈயம் 600 கெல்வினில் உருகும். அறை வெப்பநிலை 300. அதாவது பாதி வழி வந்தாயிற்று. எஃகின் உருகுநிலை மிக உயரம், அதற்கு அறை வெப்பநிலை வெகு தொலைவு. உலோகம் தன் உருகுநிலையில் 0.4 பங்கைத் தாண்டினால் க்ரீப்பைக் கணக்கில் சேர்த்தே ஆக வேண்டும்.

கேள்வி: ஆய்வுக் கட்டுரையில் இருந்த நார்ட்டன் விதியின் (க்ரீப் வேகம் = கெழு × தகைவின் அடுக்கு; தகைவு என்பது ஓரலகு பரப்பின் மீதான விசை) கெழுவையும் அடுக்கையும் மென்பொருளில் போட்டேன். ஒரு நொடியில் திரிபு (நீளம் மாறிய விகிதம்) எகிறிவிட்டது.

அலகைப் பாருங்கள். கெழுவின் அலகு அடுக்கைப் பொறுத்தது. அடுக்கு 5 என்றால், மெகாபாஸ்கலில் உள்ள கெழுவைப் பாஸ்கலுக்கு மாற்றும்போது தசமப்புள்ளி 30 இடம் நகரும்! மணியா நொடியா என்பதில் இன்னொரு 3600. முழு மாடலுக்குப் போகும் முன் ஒரே ஓர் எலிமென்டை (மாடலைப் பிரித்த சிறு துண்டை) இழுத்துக் கைக்கணக்கோடு ஒப்பிடுங்கள். அதே அடுக்கில் தகைவு 10% கூடினால் க்ரீப் வேகம் 61% கூடும், எனவே மூலைகளில் மெஷ் (எலிமென்டுகளின் வலை) சுமாராக இருந்தாலும் விடை கெடும்.

கேள்வி: கையில் 5,000 மணி நேரச் சோதனை முடிவுகள்தான் உள்ளன. 1,00,000 மணிக்குச் சொல்லலாமா?

1952-இல் வந்த லார்சன்–மில்லர் அளவுரு இதற்குத்தான். மணிக்கணக்கிலான முறிவு நேரத்தின் 10 அடிமான மடக்கையோடு 20-ஐக் கூட்டி, கெல்வின் வெப்பநிலையால் பெருக்குங்கள். ஒரே தகைவில் அது மாறாது என்பது அனுமானம். அதன்படி 600 டிகிரி செல்சியஸில் 1,00,000 மணி தாங்குவது, 650 டிகிரியில் சுமார் 4,400 மணியில் முறியும். 10 டிகிரி கூடினாலே ஆயுள் ஏறக்குறையப் பாதி.

அப்புறமென்ன, சூட்டை ஏற்றிச் சீக்கிரம் முடித்துவிடலாம் என்று தோன்றும். அங்கேதான் சறுக்கல். 9 முதல் 12 சதவீதக் குரோமியம் எஃகுகளில் வலிமை தரும் நுண்ணிய வீழ்படிவுகள் (உலோகத்துக்குள் பிரிந்து படிந்த துகள்கள்) காலப்போக்கில் பருத்துப்போகின்றன. குறுகிய சோதனை அதைக் காட்டாது. இந்த வகை எஃகுகள் சிலவற்றுக்கு முதலில் கொடுத்த நீண்டகால வலிமையைப் பின்னால் குறைக்க நேர்ந்தது இதனால்தான். மிக நீண்ட சோதனையின் மூன்று மடங்குக்கு மேல் நான் நீட்ட மாட்டேன். அந்த 20-உம் வேதவாக்கு இல்லை, உங்கள் தரவுக்குப் பொருத்திப் பாருங்கள்.

கேள்வி: க்ரீப் வேகம் போகப் போகக் குறைவதை (கெட்டிப்படுதல்) எதை வைத்துக் கணக்கிடுவது: கழிந்த கால அடிப்படையிலா, சேர்ந்த க்ரீப் திரிபு அடிப்படையிலா?

தகைவு மாறாவிட்டால் இரண்டும் ஒன்றே. மாறினால் திரிபு அடிப்படை. தகைவு திசை திரும்பினால் இரண்டையும் நம்பாதீர்கள்.

கேள்வி: சூட்டில் இருக்கும் போல்ட் தளர்வதும் க்ரீப்தானா?

ஆமாம். நீளம் மாறாததால் மீள் திரிபு (சுமை நீங்கினால் மறையும் நீட்சி) மெல்ல க்ரீப் திரிபாகிறது, இறுக்கம் விழுகிறது. நார்ட்டன் மட்டும் போட்டால் ஆரம்ப வீழ்ச்சியைக் குறைவாகக் காட்டும், முதல்நிலைக் க்ரீப்பையும் (தொடக்கத்தில் வேகமாக நடந்து மெல்லக் குறையும் கட்டம்) சேருங்கள்.

கேள்வி: கான்கிரீட்டில் க்ரீப் எப்போது நிற்கும்?

நிற்காது. வேகம் குறையும், ஆனால் காலத்தின் மடக்கையோடு சேர்ந்து வளர்ந்துகொண்டே போகும். பலாவ் நாட்டில் 1977-இல் கட்டிய கோரோர்–பாபெல்தாப் பாலத்தின் நடுக்கண் (இரு தாங்கிகளுக்கு இடையிலான நடு நீளம்) 241 மீட்டர். அதன் மையம் ஒரு மீட்டருக்கும் மேல் தாழ்ந்தது, சரிசெய்த சில மாதங்களில், 1996-இல், இடிந்தது. அக்காலத்துச் சூத்திரங்கள் க்ரீப்புக்கு ஓர் உச்ச வரம்பு வைத்திருந்தன. நீண்ட கண் பாலம் என்றால் வரம்பில்லாத மாதிரியை எடுங்கள், தடித்த பலகையும் மெல்லிய பலகையும் வெவ்வேறு வேகத்தில் உலர்வதையும் தனித்தனியாகச் சேருங்கள்.