"புதிய திட்டம் வரும்வரை பொறுங்கள்" என்றால் எதுவரை பொறுப்பது?

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில் 20 பேர்ச் காணியில் இருக்கும் எங்கள் வீட்டை நான்கு அறை விருந்தினர் விடுதியாக மாற்ற விரும்புகிறோம். கடல் 200 மீற்றர் தூரத்தில். சபையில் விசாரித்தபோது, "புதிய அபிவிருத்தித் திட்டம் தயாராகிறது, அதுவரை காணிப் பயன்பாட்டு மாற்றம் எதுவும் எடுப்பதில்லை" என்றார்கள். இப்படி நிறுத்தி வைக்கலாமா?

பதில்: நிறுத்தி வைப்பதற்கு ஒரு நியாயம் உண்டு. எந்தத் தெரு குடியிருப்பு, எந்தத் தெரு சுற்றுலா என்று கோடு விழப்போகிறது என்ற கதை வெளியே வந்தால் போதும், கோடு விழுமுன் அனுமதி எடுத்துவிட ஆட்கள் முண்டியடிப்பார்கள். உப்புவெளி மணல் தரை. நாலு வீடு விடுதியானால் மலக்குழி ஊறல் பக்கத்து வளவுக் கிணற்றுக்குத்தான் போகும். பிறகு திட்டம் வந்தும் பயனில்லை.

ஆனால் வாய்ச்சொல் ஒரு தடையாகாது. எந்தத் தீர்மானத்தின் கீழ், எந்த எல்லைக்குள், எந்தத் திகதி வரை என்ற மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். முடிவுத் திகதி இல்லாத நிறுத்தம்தான் உங்களுக்கு ஆபத்து. அமெரிக்காவில் டாஹோ ஏரிப் பகுதியில் 32 மாதம் கட்டுமானத்தை நிறுத்தி வைத்தார்கள். அதை மட்டும் வைத்து நட்டஈடு கேட்க முடியாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2002இல் சொன்னது. நம் நீதிமன்றங்களை அது கட்டுப்படுத்தாது. ஆனாலும் அங்கே நிறுத்தத்துக்குத் தொடக்கமும் முடிவும் இருந்தன என்பதைக் கவனியுங்கள்.

முதலில் சரியான அலுவலகத்துக்குத்தான் போனீர்களா என்று பாருங்கள். உப்புவெளி பட்டினமும் சூழலும் பிரதேச சபைக்குள் வருகிறது. திருகோணமலை நகருக்கான சபையில் கேட்ட பதில் உங்கள் காணிக்குப் பொருந்தாமல் போகலாம். அடுத்து, எந்தப் பகுதி எந்தப் பயன்பாட்டுக்கு என்று பிரித்துக் காட்டும், இப்போது நடைமுறையிலுள்ள வலய வரைபடத்தில் உங்கள் காணி எந்த வலயத்தில் விழுகிறது என்று கேளுங்கள். சில திட்டங்களில் குடியிருப்பு வலயத்துக்குள்ளேயே சிறு விடுதிக்கு நிபந்தனையோடு இடமுண்டு. அப்படியானால் உங்களுக்கு வலய மாற்றமே தேவையில்லை, அனுமதிப்பத்திரம் மட்டும் போதும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் பலர் வீணாகக் காத்திருக்கிறார்கள்.

விண்ணப்பத்தை நில அளவை வரைபடம், உறுதியின் பிரதி, முன்வீதியின் அகலம், அறை எண்ணிக்கை, கழிவுநீர் ஏற்பாடு ஆகியவற்றோடு பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்திருங்கள். பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், நிறுத்தத் தீர்மானத்தின் பிரதியையும் வர்த்தமானி இருந்தால் அதன் இலக்கத்தையும் கேளுங்கள். தருவதா இல்லையா என்பதைத் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு செய்ய வேண்டும்.

"சுவரைத் தொடவில்லை, ஆட்களைத் தங்கவைத்தால் என்ன?" என்று தொடங்கிவிடாதீர்கள். 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டப்படி, பிரகடனப்படுத்தப்பட்ட பகுதியில் பயன்பாட்டை மாற்றுவதே அபிவிருத்திச் செயல். ஒரு ஆணிகூட அடிக்கத் தேவையில்லை. அனுமதியில்லாமல் கட்டியதை இடிக்க நீதவான் கட்டளையும் வாங்கலாம்.

கரையோரம் வேறு கதை. உயர்நீர்மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் கரையோர வலயம். 200 மீற்றரில் நீங்கள் அதற்குள்தான். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டத்தின் கீழ் கரையோரம் பேணல் மற்றும் கரையோர மூலவள முகாமைத்துவத் திணைக்களத்திடம் தனியாகக் கேட்க வேண்டும். சபை நிறுத்தி வைத்திருக்கும் காலத்திலேயே அந்த விசாரிப்பை முடித்துவிடலாம்.

புதிய திட்டத்தின் வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போது ஆட்சேபனைக்குக் கால அவகாசம் கிடைக்கும். "விடுதிக்கு இடம் தாருங்கள்" என்று பொதுவாக எழுதினால் கோப்பில் கிடக்கும். அளவை வரைபட இலக்கம், துண்டு இலக்கம், வீதி அகலம், மலக்குழிக்கும் அயல் கிணறுகளுக்கும் உள்ள தூரம் என்று எழுதுங்கள். அறிவித்தல் வர்த்தமானியிலும் பத்திரிகையிலும் வரும். வீடு தேடி யாரும் சொல்ல மாட்டார்கள்.

எழுத்தில் மறுப்பு வந்து, அதில் சட்ட அடிப்படை இல்லையென்றால் எழுத்தாணை மனு (அதிகாரிகளின் முடிவை நீதிமன்றத்தில் எதிர்க்கும் மனு) பற்றிச் சட்டத்தரணியிடம் கதையுங்கள். கடிதம் கிடைத்த கிழமையிலேயே போங்கள். தாமதித்து வந்தார் என்பதற்காகவே அத்தகைய மனுக்கள் தள்ளுபடியாவதுண்டு.