கண்ணுக்குள்ள பூச்சி பறக்குற மாதிரி தெரிஞ்சா எப்ப டாக்டர்ட்ட ஓடணும்?

கேள்வி கேட்ட தம்பி சொன்னத மொதல்ல சுருக்கிச் சொல்லிடுறேன், மத்தவங்களும் படிக்கிறதால. வயசு 34, ஐடி வேலை, மைனஸ் 5 பவர் கண்ணாடி. ரெண்டு வாரமா வலது கண்ணுல மட்டும் கொசு மாதிரி ஒண்ணும் நூல் சுருண்ட மாதிரி ஒண்ணும் மெதக்குது, கண்ணத் திருப்புனா அதுவும் அங்குட்டு இங்குட்டு கூடவே வருது, வெள்ளை ஸ்கிரீனோ வானமோ பாத்தா கூடுதலா தெரியுது. வலி கிடையாது, பார்வையும் நல்லாத்தான் இருக்கு. டாக்டர்ட்ட போகணுமா, தானா சரியாயிருமான்னு கேட்டிருக்காரு.

போங்க தம்பி. இந்த வாரத்துக்குள்ள போய் சொட்டு மருந்து விட்டு ரெட்டினாவ (விழித்திரை, கண்ணுக்குள்ள பின்பக்கம் காட்சி விழுற மெல்லிசான திரை) ஒரு தடவ பாத்துட்டு வந்துருங்க. பெரும்பாலும் ஒண்ணும் இருக்காது, ஆனா அந்த 'ஒண்ணும் இல்ல'ங்குறத உள்ள எட்டிப் பாத்தவங்கதான் சொல்லணும், இங்க பதில் எழுதுற நாங்க யாரும் சொல்ல முடியாது.

நானும் டாக்டர் இல்ல, மதுரை டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு கண்ணாடிக் கடைல ரொம்ப வருசமா நிக்கிறவன். கண்ணுல என்ன கோளாறுன்னாலும் நம்ம சனம் மொதல்ல எங்க கடைப்படிதான் ஏறும். "தம்பி, பவர் கூடிப்போச்சு போல, செக் பண்ணி வேற கண்ணாடி குடு"ம்பாங்க, பாத்தா பவர்ல ஒண்ணும் மாறியிருக்காது, கோளாறு உள்ள இருக்கும். எனக்கே மைனஸ் 7, காலேஜ் படிக்கிற காலத்துல இருந்து ரெண்டு கண்ணுலயும் பூச்சி உண்டு. மத்தியான வெயில்ல ஏவி பாலத்துல நின்னு வைகைய (தண்ணி எங்கிட்டு இருக்கு, மணலும் கருவேலமும்தான்) பாத்தேன்னா எல்லாப் பூச்சியும் வரிசையா வந்து ஆஜர் குடுத்துட்டுப் போகும்.

கண்ணுக்குள்ள லென்ஸுக்குப் பின்னாடி இருந்து ரெட்டினா வரைக்கும் ஒரு ஜெல்லி நெறஞ்சு கிடக்கு, கிட்டத்தட்ட 4 மில்லி இருக்கும். நூத்துல தொண்ணூத்தெட்டு பங்கு தண்ணி, மிச்சம் ரொம்ப மெல்லிசான கொலாஜன் நாரு, கொஞ்சம் ஹயலுரானிக் ஆசிட். சின்ன வயசுல இது கட்டியா, கண்ணாடி கணக்கா தெளிவா இருக்கும். வயசாக ஆக அங்கங்க இளகித் தண்ணி விடும், அப்ப அந்த நாருங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டித் திரிதிரியா ஆகிப்போகும், வெளிச்சம் உள்ள வரும்போது அந்தத் திரியோட நிழல் ரெட்டினா மேல விழும், நமக்குத் தெரியுறது அந்த நிழல்தான். பிடிக்கப் பாத்தா நழுவி ஓடுறதும், கண்ண நிறுத்துன பெறகும் மெதுவா சரிஞ்சு போறதும் அது ஜெல்லியோட சேந்து ஆடுறதாலதான். மைனஸ் பவர் உள்ளவங்களுக்குக் கண்ணு கொஞ்சம் நீளமா இருக்கும், அதனால இது எல்லாமே சீக்கிரமா வந்துரும், உங்களுக்கு 34லயே வந்ததுக்கும் அது காரணமா இருக்கலாம். அசையவே அசையாம ஒரே எடத்துல நிக்கிற கறுப்புப் புள்ளி இந்தக் கணக்குல வராது, அது வேற வெவகாரம், அதையும் காட்டணும்.

இன்னொண்ணு, நீல வானத்தப் பாத்தா பொடிப்பொடியா வெள்ளைப் புள்ளிங்க துறுதுறுன்னு ஓடும்னு சில பேரு பயந்துக்கிட்டு வருவாங்க. அது ரெட்டினாவோட ரத்தக் குழாய்ல போற வெள்ளை அணுக்கள், எல்லாருக்கும் தெரியுறதுதான், அத விட்டுருங்க.

இப்ப பயப்பட வேண்டிய சங்கதிக்கு வருவோம். அம்பது அறுபது வயசு வாக்குல இந்த ஜெல்லி சுருங்கி ரெட்டினாவ விட்டுக் கழண்டுரும். நெறையப் பேருக்கு நடக்குறதுதான், பவர் கூடுனவங்களுக்கும் புரை ஆபரேசன் பண்ணுனவங்களுக்கும் அதுக்கு முந்தியே நடக்கும். கழலும்போது ரெட்டினாவப் பிடிச்சு இழுக்கும். ரெட்டினாவுக்கு வலி தெரியாது, நீங்க அதக் கிள்ளுனாலும் இழுத்தாலும் அதுக்குச் சொல்லத் தெரிஞ்சது வெளிச்சம் ஒண்ணுதான். அதனாலதான் இருட்டுல கண்ணத் திருப்பும்போது ஓரத்துல பளிச் பளிச்சுன்னு மின்னல் வெட்டுது. பாதகமில்லாமக் கழண்டுருச்சுன்னா வளையம் மாதிரி ஒரு பெரிய பூச்சி மட்டும் மிச்சம் இருக்கும், சில வாரத்துல மின்னலும் கொறஞ்சிரும். ஆனா இப்படித் திடீர்னு பூச்சியும் மின்னலுமா வர்றவங்கள்ல நூத்துக்குப் பத்து பதினஞ்சு பேருக்கு ரெட்டினா கிழிஞ்சிருக்கும்.

கிழிசலோட நின்னுட்டா தப்பிச்சோம். மதுரைக்காரங்களுக்குப் போஸ்டரப் பத்திச் சொல்லித்தர வேணாம், கல்யாணம் காதுகுத்துன்னு செவுரு பூரா ஒட்டிக் கிடக்குமே, அதுல ஒரு மூலை கிழிஞ்சு மழைத் தண்ணி பின்னாடி எறங்குனா விடியறதுக்குள்ள முழுப் போஸ்டரும் உரிஞ்சு தொங்கும்ல, அதேதான் இங்கயும், எளகுன ஜெல்லித் தண்ணி கிழிசல் வழியா ரெட்டினாவுக்குப் பின்னாடி போயிப் பிரிச்சு எடுத்துரும். கிழிசலா இருக்கும்போதே பிடிச்சுட்டா சுத்தி லேசர் வச்சு ஒட்டி விட்டுருவாங்க, உக்காந்த எடத்துல முடிஞ்சு போகும், அன்னைக்கே வீட்டுக்கு வந்துரலாம். பிரிஞ்சு போச்சுன்னா ஆபரேசன். அதுலயும் நடுப் பார்வைக்கான எடம், மாகுலான்னு சொல்வாங்க, அது உரியுறதுக்கு முந்தி போனா பார்வை பெரும்பாலும் தப்பிச்சுரும், உரிஞ்ச பெறகு போனா ஒட்ட வச்சாலும் பழைய பார்வை முழுசா வரும்னு சொல்ல முடியாது.

நான் இம்புட்டு நீளமா எழுதுறதுக்குக் காரணம் ஒண்ணுதான். இந்த ஊர்ல கண்ணு ஆபரேசன்னா யாருக்கும் பயம் கிடையாது. 1976ல டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கையோட ஆரம்பிச்ச அரவிந்த் கண் ஆஸ்பத்திரி இங்கதான இருக்கு, கிராமம் கிராமமா கேம்ப் போட்டுப் புரைய எடுத்து எடுத்து இப்ப உசிலம்பட்டிப் பாட்டிகூட லென்ஸ் வைக்கிறதப் பத்தி நமக்கு வகுப்பு எடுக்கும். நல்ல விசயம்தான். ஆனா அதுல ஒரு வெனையும் வந்து சேந்துருச்சு, கண்ணுல எது வந்தாலும் சனங்க புரையோட காலண்டர வச்சே பாக்குறாங்க. "முத்தட்டும், அறுவடை முடியட்டும், தை பொறக்கட்டும்." புரைக்கு அது ஓரளவு செல்லும், ஆறு மாசம் தள்ளிப் போட்டாலும் பெரும்பாலும் கண்ணு போயிராது. ரெட்டினாவுக்கு மாசக் கணக்கு கிடையாது, நாள் கணக்கு, சில நேரம் மணிக்கணக்கு.

மேலூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருத்தர், கொஞ்ச மாசத்துக்கு முந்தி வலது கண்ணுல புரை எடுத்தவர், பேரனோட கடைக்கு வந்தாரு. "ஏப்பா, இந்தக் கண்ணாடில கீழ்ப்பக்கம் கறுப்பா அழுக்கு நிக்கிது, துண்டால தொடச்சாலும் போக மாட்டேங்குது, நீ அந்தத் தண்ணியப் போட்டுத் தொடச்சுக் குடு"ன்னு நீட்டுறாரு. கண்ணாடியக் கழட்டச் சொல்லிட்டு இடது கண்ணப் பொத்தி, "என் மொகம் முழுசாத் தெரியுதா ஐயா?"ன்னு கேட்டேன். "நெத்தி தெரியுது, மூக்கு தெரியுது, தாடைதான் இல்ல"ன்னாரு. எப்ப இருந்துன்னு கேட்டா, முந்தாநேத்து சாயங்காலம் கறுப்புப் பொடியாக் கொட்டுச்சாம், ராத்திரி மின்னல் வெட்டுச்சாம், மழை வரப்போகுதுன்னு வெளிய வந்து பாத்தாராம், வானத்துல நட்சத்திரம் கிடந்துச்சாம். "அடுத்த மாசம் செக்கப்புக்கு வரச் சொல்லிருக்காக, அப்பப் போய்க்கிறலாம்ல?" வாக்குவாதம் பண்ணாம பேரனக் கூப்ட்டு ரெண்டு பேரையும் ஆட்டோல ஏத்தி விட்டேன். மேல்பக்க ரெட்டினா பிரிஞ்சிருந்துச்சு, அதான் கீழ்ப்பக்கம் மறைச்சிருக்கு. நடுப்பகுதி அப்ப ஒட்டித்தான் இருந்துச்சு, ஆபரேசன் பண்ணிக் கண்ணுக்குள்ள கேஸ் குமிழி விட்டுக் கொஞ்ச நாள் குப்புறப் படுக்க வச்சாங்க. மகள் வீடு கொடைக்கானல்ல, "அங்குட்டுப் போயிக் குளுகுளுன்னு ரெஸ்ட் எடுக்கட்டும்"னு குடும்பமே கெளம்புச்சு, டாக்டர் கூடவே கூடாதுன்னுட்டாரு. மலை 7,000 அடி உயரம், மேல ஏற ஏறக் காத்தழுத்தம் கொறையும், உள்ள இருக்குற கேஸ் விரிஞ்சு கண்ணு பிரஷர் ஏறி இருக்குற பார்வையும் போயிரும். பிளைட்டுக்கும் அதே தடைதான், குமிழி கரையுற வரைக்கும்.

அதனால, பூச்சி ஒண்ணு ரெண்டுன்னு இருந்தது திடீர்னு மழையாக் கொட்டுனாலோ, பொகை, சிலந்தி வலை, மை கொட்டுன மாதிரி ஏதாவது பரவுனாலோ, ஓரத்துல மின்னல் வெட்டுனாலோ, எந்தப் பக்கத்துல இருந்தாவது நிழலோ திரையோ எறங்குனாலோ, பார்வை பொசுக்குன்னு மங்குனாலோ அன்னைக்கே போகணும், காலைல போய்க்கலாம்னு படுக்கக் கூடாது. கண்ணுல அடிபட்ட பெறகு பூச்சி வந்தாலும் அப்படியே, பந்து, கிட்டிப்புள், தீபாவளி வெடி எதுவா இருந்தாலும் சரி. கண்ணு செவந்து வலிச்சு வெளிச்சம் பாக்கக் கூசி அதோட பூச்சியும் இருந்தா அது உள் அழற்சியா இருக்கலாம், அதையும் தள்ளிப் போடாதீங்க. சுகர் இருக்குறவங்க இன்னும் உஷாரா இருக்கணும், ரெட்டினால புதுசா மொளைக்குற நோஞ்சான் ரத்தக் குழாய் ஒடஞ்சு ஜெல்லிக்குள்ள ரத்தம் கசிஞ்சாலும் மொதல்ல பூச்சியாத்தான் தெரியும். மைக்ரேன்காரங்களுக்கு வர்ற மின்னல் வேற, அது கோணல்மாணலா ரெண்டு கண்ணுலயும் சேந்து தெரியும், இருபது முப்பது நிமிசத்துல அடங்கும், பின்னாடியே பெரும்பாலும் தலைவலி வரும். அப்படித்தானான்னு பாக்க ஒவ்வொரு கண்ணாப் பொத்திப் பாத்துக்கங்க, சந்தேகமா இருந்தா டாக்டர்ட்டயே கேட்டுருங்க.

கை வைத்தியம் பத்தி: நந்தியாவட்டைப் பூச்சாறு, தாய்ப்பால், தேன், வெளக்கெண்ணெய் எதையும் கண்ணுல விடாதீங்க. பூச்சி இருக்குறது உள்ள, நீங்க விடுறது மேல, அங்க அது போய்ச் சேரவே சேராது, கருவிழில சீழ் வச்சதுதான் மிச்சமாகும். பொன்னாங்கண்ணிக் கீரையச் சாப்டுங்க, நல்ல கீரை, பூச்சி அதுல கரையாது. நெட்ல விக்கிற மாத்திரை, டிராப்ஸுக்கும் இதே பதில்தான்.

உள்ள பாத்துட்டு ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாங்கன்னா அதோட வாழப் பழகிக்க வேண்டியதுதான். கேக்கக் கசப்பாத்தான் இருக்கும், ஆனா மூளை கொஞ்ச மாசத்துல அத ஒதுக்கிரும், பூச்சியும் பார்வைப் பாதைய விட்டுக் கீழ எறங்கிக்கும். லேசர்ல உடைக்கிறதும் இருக்கு, ஜெல்லியவே எடுத்துர்ற ஆபரேசனும் இருக்கு, ஆபரேசன்னா புரை சீக்கிரம் வர்றது, ரெட்டினா பிரியிறதுன்னு ரிஸ்க் உண்டு, அதனால படிக்கவே முடியல, வண்டி ஓட்ட முடியலங்குற நெலமைலதான் டாக்டருங்க அதப் பத்திப் பேசுவாங்க. ஸ்கிரீன டார்க் மோட்ல வச்சுக்கிட்டா உங்க வேலைக்குத் தொந்தரவு கொறையும். ஒரு தடவ நல்லாருக்குன்னு சொன்னாலும் ஒரு மாசம் ஒன்றரை மாசம் கழிச்சு மறுபடி வரச் சொல்லுவாங்க, கிழிசல் சில நேரம் லேட்டா விழும், அதுக்குக் கட்டாயம் போங்க.

போகும்போது பைக் எடுத்துட்டுப் போகாதீங்க. சொட்டு மருந்து விட்டாக் கண்மணி விரிய அரை மணி நேரம் போல ஆகும், பெறகு நாலஞ்சு மணி நேரத்துக்குக் கிட்டப் பார்வை மங்கி வெயில் கண்ணக் கூசும், கூட யாரையாவது கூட்டிட்டுப் போங்க, கூலிங் கிளாஸ் ஒண்ணு எடுத்துக்கங்க. அரவிந்த் போறதோ ராஜாஜி ஆஸ்பத்திரி கண் பிரிவுக்குப் போறதோ உங்க இஷ்டம். ஆனா கவுண்ட்டர்ல "கண் செக்கப்"னு மட்டும் சொல்லிறாதீங்க, கண்ணாடிக்கு வந்தவங்க வரிசைல உக்கார வச்சுருவாங்க. "மைனஸ் 5, ரெண்டு வாரமா ஒத்தக் கண்ணுல புதுசாப் பூச்சி பறக்குது, ரெட்டினா பாக்கணும்"னு சொல்லுங்க, மின்னலோ நிழலோ இருந்தா அத மொத வார்த்தையாச் சொல்லுங்க.