பவர் குறையாமல் காரின் சைலன்ஸர் சத்தத்தைக் குறைக்க முடியுமா?

கேட்டவரிடம் இருப்பது 1500 சிசி பழைய ஹொண்டா சிவிக். முன்னைய சொந்தக்காரர் ஒரிஜினல் சைலன்ஸரைக் கழற்றிவிட்டு, வாய் அகன்ற 'ஸ்போர்ட்ஸ்' சைலன்ஸர் ஒன்றை மாட்டியிருக்கிறார். வெள்ளவத்தை ஒழுங்கைக்குள் விடிய ஐந்தரைக்கு ஸ்டார்ட் பண்ணினால் ஃபிளாட் முழுக்க எழும்புகிறதாம். கராஜில் கேட்டால், "சத்தத்தைக் குறைச்சா பவர் போயிடும்" என்கிறார்களாம்.

போகாது. கம்பனி கட்டலோக்கில் போட்டிருக்கும் குதிரைத்திறன், அந்த அமைதியான ஒரிஜினல் சைலன்ஸரையும் பூட்டி வைத்து அளந்த கணக்குத்தான். சத்தம் கூடினால் பவர் கூடியது போல் தோன்றும், அவ்வளவே.

சைலன்ஸர் குழாய்க்குள் இரண்டு விஷயங்கள் போகின்றன. ஒன்று புகை. மற்றது, எக்ஸோஸ்ட் வால்வு ஒவ்வொரு முறை திறக்கும்போதும் எழும் அழுத்த அலை. சூடான வாயுவுக்குள் அந்த அலை வினாடிக்கு 500 மீற்றர் அளவில் ஓடும். புகை அதைவிடப் பல மடங்கு மெதுவாகத்தான் நகரும். புகைக்கு நேரான, தடையில்லாத வழி வேண்டும். அலைக்கு அந்த வழியின் பக்கவாட்டில் ஓர் இடம் கிடைத்தால் போதும், அங்கே போய்ச் செத்துவிடும். குழாயை நெரித்தால் இரண்டும் குறையும், பவரும் போகும். பக்கவாட்டில் விழுங்க வைத்தால் சத்தம் மட்டும் குறையும். நல்ல சைலன்ஸர் எல்லாம் இந்த இரண்டாவது வழியைத்தான் முடிந்த அளவுக்குப் பிடித்துக்கொள்கிறது.

'பேக் பிரஷர் இருந்தால்தான் இழுவை இருக்கும்' என்ற கதையையும் கேட்டிருப்பீர்கள். எஞ்சினுக்கு எதிரழுத்தம் ஒருபோதும் நன்மை இல்லை. அதற்கு வேண்டியது புகையின் வேகம். தேவைக்கு மேல் தடித்த குழாய் போட்டால் புகை சோம்பிப்போய், கீழ் ஆர்பிஎம்மில் (ஆர்பிஎம் என்பது எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) இழுவை குறையும். அதைப் பார்த்துவிட்டுத்தான் இந்தக் கதை வந்தது. 130 குதிரைத்திறன் வரையிலான டர்போ இல்லாத எஞ்சினுக்கு 2 அங்குலக் குழாய் தாராளம். உங்கள் வண்டியில் இரண்டரை அங்குலம் போட்டிருந்தால், 2 அங்குலத்துக்கு இறக்கியதும் சத்தமும் குறையும், ட்ராஃபிக்கில் கீழ் கியர் இழுவையும் திரும்பி வரும்.

காசு செலவழிக்க முதல் லீக் பாருங்கள். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் பண்ணி, ஒருவரைத் தடித்த ஈரத் துணியால் பின்குழாயின் வாயைச் சில வினாடிகள் பொத்தச் சொல்லுங்கள். நீங்கள் பொனட் பக்கமும், பிறகு குனிந்து காருக்கு அடியிலும் காதைக் கொடுங்கள். 'உஸ்' என்று எங்கே கேட்கிறதோ அங்கே ஓட்டை. பெரும்பாலும் மெனிஃபோல்ட் கஸ்கட் (எஞ்சினோடு புகைக்குழாய் சேரும் இடத்து அடைப்பு), பின்னிய கம்பி போர்த்த ஃப்ளெக்ஸ் குழாய், போல்ட் போட்டு இறுக்கிய ஃபிளாஞ்ச் இணைப்பு, இந்த மூன்றில் ஒன்றுதான். இணைப்பைச் சுற்றிக் கறுப்பாகக் கரி படிந்திருந்தால் துணி வைக்கக்கூடத் தேவையில்லை. முன்பக்க லீக் சத்தத்தோடு நிற்காது. அலைகளுக்கு இடையில் வெளிக்காற்றை உள்ளே இழுத்து ஒக்ஸிஜன் சென்சரை ஏமாற்றும். கம்ப்யூட்டர் பெற்றோலைக் கூட்டி ஊற்றும். ஒரு கஸ்கட் மாற்றியதிலேயே பாதிப் பிரச்சினை முடிந்த வண்டிகள் உண்டு.

அப்புறம், உங்களைத் தொந்தரவு செய்வது எந்தச் சத்தம் என்று பிரித்தெடுக்க வேண்டும். எக்ஸ்லேட்டரை மிதிக்கும்போது தகர டப்பாவைக் கீறுவது போன்ற கரகரப்பு ஒரு வகை. நிதானமாகப் போகும்போது ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் காருக்குள் 'ங்ம்ம்ம்' என்று காதை அடைக்கும் இரைச்சல் இன்னொரு வகை. இரண்டுக்கும் மருந்து வேறு.

கரகரப்பு உயர் அலைவரிசை. அதற்கு நடுவில் ஒரு ரெசனேட்டர் போதும்: உள்ளே துளைகள் போட்ட நேர்க்குழாய், அதைச் சுற்றிக் கண்ணாடிப் பஞ்சு, வெளியே ஓர் உருளை. ஒரு முனையால் பார்த்தால் மறுமுனை தெரிய வேண்டும். புகைக்குத் தடை இல்லை என்பதற்கு அதைவிட அத்தாட்சி வேண்டாம். இரண்டு தேர்வு இருந்தால் நீளமானதை எடுங்கள். புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இருந்தால் அதைத் தொடாதீர்கள். அதன் தேன்கூட்டுத் துளைகள் இந்தக் கரகரப்பில் கணிசமான பங்கைத் தின்கின்றன. பழைய வண்டிகள் பலவற்றில் அதைக் கழற்றி விற்றுவிட்டு வெறும் குழாய் போட்டிருப்பார்கள், கீழே குனிந்து ஒரு முறை பாருங்கள். இல்லாவிட்டால் வருடாந்தப் புகைப் பரிசோதனையிலும் சிக்கல்தான்.

இரைச்சல்தான் கஷ்டமான கேஸ். நாலு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வெடிப்பு. 2400 ஆர்பிஎம்மில் வினாடிக்கு 40 சுற்று, ஆக 80 ஹேர்ட்ஸ். அந்த அலையின் நீளம் 5, 6 மீற்றர். சில சென்றிமீற்றர் தடிப்புள்ள பஞ்சு அதை என்ன செய்ய முடியும்? அதனால்தான் விலை கூடிய சைலன்ஸர் போட்ட பிறகும் "உள்ளுக்குள்ள இன்னும் இரையுது" என்று ஆட்கள் தலையில் கை வைக்கிறார்கள்.

இதற்கு ஒரு மலிவான தந்திரம் உண்டு. பிரதான குழாயிலிருந்து அதே விட்டத்தில் ஒரு கிளைக்குழாய் எடுத்து, அதன் மறுமுனையை மூடிவிடுவது. அலை உள்ளே போய், அடைத்த முனையில் மோதித் திரும்பி வரும். கிளையின் நீளம் அலைநீளத்தின் கால்வாசியாக இருந்தால், திரும்பி வரும் அலை புதிதாக வரும் அலைக்கு நேர் எதிராக நின்று அதைக் கரைத்துவிடும். புகை இந்த முட்டுச்சந்துக்குள் போக வேண்டியதே இல்லை. பவர் இழப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை.

நீளக் கணக்கு இது: கிளைக்குள் வாயு தேங்கி நிற்பதால் சூடு குறைவு, ஒலியின் வேகத்தை வினாடிக்கு 410 மீற்றர் என்று வைத்துக்கொள்ளலாம். அதை 80ஆல் வகுத்து, பிறகு 4ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 1.3 மீற்றர். வெல்டிங் பாஸிடம் முதலில் 1.5 மீற்றர் விடச் சொல்லுங்கள். முனையை வெல்ட் பண்ணாமல், மூடியை கிளாம்ப் போட்டு இறுக்கி ஒரு ஓட்டம் போய்ப் பாருங்கள். இரைச்சல் குறைவது 2400க்குக் கீழே என்றால் குழாய் நீளம் கூட. கொஞ்சம் வெட்டி மறுபடி மூடி ஓடுங்கள். சரியாக வந்த பிறகு வெல்ட். கிளையை வளைத்துப் பிரதான குழாயோடு சேர்த்துப் படுக்க வைக்கலாம், இடம் பிடிக்காது. ஆனால் பின்குழாயின் வாய்க்குப் பக்கத்தில் எடுக்காதீர்கள். திறந்த முனையில் அழுத்த அலை ஒன்றும் இல்லாத அளவுக்கு இறங்கிவிடும், அங்கே வைத்த கிளை சும்மா தொங்கும். இன்னொன்று, இது ஒரு சிறு ஆர்பிஎம் எல்லைக்குள் மட்டும்தான் வேலை செய்யும். அதைப் போட்டுவிட்டுக் கார் முழுக்க அமைதியாகும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

குழாயின் பின்முனையில் இருக்கும் கடைசி சைலன்ஸர் பெட்டியைப் பற்றிச் சொன்னால், பெரிது நல்லது, அவ்வளவுதான். எஞ்சின் கொள்ளளவைப் போல் பத்து மடங்கு, அதாவது உங்களுக்கு 15 லீற்றர் அளவில் பெட்டி இருந்தால் நெரிக்காமலே சத்தத்தை அடக்கலாம். வாய் அகலமும் மினுக்கமும் வெறும் அலங்காரம். வாய்க்குள் திருகும் 'சத்தம் குறைப்பான்' மூடிகள் விற்கிறார்கள், அவை குழாயை அப்படியே நெரிப்பவை. கராஜ்காரர் சொன்ன பவர் இழப்பு அங்கேதான் உண்மையாகும்.

என்னைக் கேட்டால், இதற்கெல்லாம் முதல், பாவித்த வாகன உதிரிப்பாகக் கடைகள் இருக்கும் பஞ்சிகாவத்தைக்கு ஒரு நடை போய், அதே மொடலின் பாவித்த ஒரிஜினல் சைலன்ஸர் கிடைக்கிறதா பார்ப்பேன். தூக்கி நன்றாகக் குலுக்குங்கள். உள்ளே தட்டுக் கழன்று கடகடத்தால் வேண்டாம். அடிப்பக்கத் தையலில் விரலால் அழுத்துங்கள், துரு உதிர்ந்தால் வேண்டாம். வெள்ளவத்தையில் இருந்து பம்பலப்பிட்டி வரை ஓடித் திரும்பும் கார்களில் பெட்டிக்குள் சேரும் தண்ணீர் காய்வதற்குள் எஞ்சினை நிறுத்திவிடுகிறோம். வெளியே கடல் உப்பு வேறு. சாதாரண இரும்பு இங்கே உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் அரிபடும். புதிதாகச் செய்வதென்றால் 304 ஸ்டெயின்லெஸ் கேளுங்கள். வளைவுகளில் குழாய் நசுங்காமல் வளைத்துத் தருவார்களா என்பதையும் கேளுங்கள். 2 அங்குலக் குழாய் நாலு வளைவில் நசுங்கினால் அது 2 அங்குலம் இல்லை.

ஒரிஜினல் எயார் ஃபில்டர் பெட்டி இருக்கிறதா? அதை எடுத்துவிட்டுக் கூம்பு ஃபில்டர் போட்டிருந்தால், மிதிக்கும்போது வரும் உறுமலில் நல்ல பங்கு முன்னாலிருந்துதான் வருகிறது. பெட்டியைத் திரும்ப மாட்டினால் எஞ்சின் அறையின் சூடான காற்றுக்குப் பதிலாகக் குளிர்ந்த காற்று கிடைக்கும், அது பவருக்கு இலாபமே. குழாய் தொங்கும் றப்பர்கள் வெடித்து, குழாய் காரின் பொடியில் முட்டுகிறதா என்றும் பாருங்கள். மலிவு வேலை, இரைச்சலில் பெரிய வித்தியாசம்.

மாற்றத்துக்கு முன்னும் பின்னும் அளந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் கராஜ்காரரும் நீங்களும் காதை வைத்துச் சண்டை பிடிப்பீர்கள். பின்குழாய் வாயிலிருந்து அரை மீற்றர் தள்ளி, 45 பாகை கோணத்தில், ஒரே ஆர்பிஎம்மில் ஃபோனை வைத்துச் சத்தத்தை அளந்து பாருங்கள். ஃபோன் காட்டும் எண் துல்லியமில்லை, ஆனால் வித்தியாசம் தெரியும். 10 டெசிபல் குறைந்தால் காதுக்குச் சத்தம் பாதியான மாதிரி இருக்கும். பவருக்கு, தெற்கு அதிவேகப் பாதையில் மூன்றாம் கியரில் 60இலிருந்து 100 வரை போக எடுக்கும் நேரத்தைப் பக்கத்தில் இருப்பவர் வீடியோ எடுக்கட்டும். ஒரே இடம், ஒரே அளவு ஆட்கள், ஏசி நிறுத்தியபடி. 100க்கு மேல் வேண்டாம், அதுதான் அங்கே எல்லை.

குழாயின் வெளிவிட்டம் எவ்வளவு, எந்த ஆர்பிஎம்மில் இரைகிறது என்று எழுதுங்கள். கிளைக்குழாய் நீளத்தைக் கணக்குப் போட்டுத் தருகிறேன்.