செவ்வாய்க்குப் போகும் முன் சிப்காட்

கேள்வி: கடலூர் சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன் நான். விஞ்ஞானக் கதைகள் எழுதுகிறேன், இரண்டு திரும்பி வந்துவிட்டன. மூன்றாவதை இத்துடன் வைத்திருக்கிறேன். சுஜாதா மாதிரி வர வேண்டுமானால் வேலையை விட்டுவிட்டு உட்கார வேண்டுமா? (போன வாரமே எழுதியிருப்பேன். நைட் ஷிஃப்டில் பேனலில் டேங்க் லெவல் 62 சதவீதத்திலேயே நிற்கிறது, மேலே ஏறிப் பார்த்தால் வழிகிறது. அந்தக் கலாட்டாவில் தள்ளிப்போய்விட்டது.)
– பெயர் வேண்டாம், கடலூர் முதுநகர்

பதில்: முதலில் ராஜினாமா கடிதத்தைக் கிழித்துப் போடுங்கள். சுஜாதா வேலையை விட்டுவிட்டா எழுதினார்? குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டில் இருந்தார், அப்புறம் பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ்; வாக்குப்பதிவு இயந்திரம் உருவானதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு, பத்திரிகைகளுக்குத் தொடர்கதை போய்க்கொண்டிருந்ததும் அந்த உத்தியோகத்துக்கு நடுவில்தான். ஆங்கில விஞ்ஞானக் கதை எழுத்தாளர் ஆர்தர் கிளார்க் இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் விமானப்படையில் ரேடார் பார்த்தவர், பனிமூட்டத்தில் விமானத்தை வழிகாட்டித் தரையிறக்கும் ரேடார். சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் மூன்று செயற்கைக்கோள்களை நிறுத்தினால் உலகம் முழுக்கத் தொடர்புகொள்ளலாம் என்று 1945-இல் அவர் கட்டுரை எழுதியபோது உடம்பில் சீருடைதான்.

இரண்டு பேருமே விமானத்தைப் பத்திரமாக இறக்கிவிடும் உத்தியோகத்திலிருந்து வந்தவர்கள் என்பதை இதை எழுதும்போதுதான் கவனித்தேன். திரையில் ஒரு புள்ளி நகரும், அந்தப் புள்ளிக்குள் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். அது மறந்துவிட்டால் அந்த வேலையும் ஓடாது, கதையும் ஓடாது.

உங்கள் கதையில் புள்ளி மட்டும்தான் இருக்கிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள். 2150, செவ்வாய், முதல் மூன்று பக்கம் அயனி எஞ்சின் விளக்கம், நாலாம் பக்கத்தில்தான் ஒருத்தர் வாயைத் திறக்கிறார், அவரும் எஞ்சினைப் பற்றித்தான் பேசுகிறார். சுஜாதாவின் ஜீனோ ஓர் இயந்திர நாய், அதற்குள் என்ன சர்க்யூட் என்று யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? அது பேசிய பேச்சுதான் ஞாபகம் இருக்கிறது.

ஆனால் அடைப்புக்குறிக்குள் போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்களே, சார், அதல்லவா கதை! மீட்டர் 62 என்கிறது, தரையில் அமிலமோ என்ன கண்றாவியோ வழிகிறது. டியூப் அடைத்துக்கொண்டதா, அளவைப் பேனலுக்கு அனுப்பும் டிரான்ஸ்மிட்டர் போய்விட்டதா என்பதெல்லாம் ஒரு வரியில் முடிந்துவிடும். அந்த 62-ஐ நம்பி எவ்வளவு நேரம் பேனல் முன்னால் டீ குடித்துக்கொண்டிருந்தீர்கள், ஏறிப் பார்க்கலாம் என்று முதலில் சொன்னது யார், ஏணியில் ஏறியவர் மாஸ்க் போட்டிருந்தாரா? இதை எழுதி அனுப்புங்கள், வேண்டுமானால் வருஷத்தை மட்டும் 2150 என்று மாற்றிக்கொள்ளுங்கள்.