கீறல் பம்பரில், சத்தம் எங்கே?

கேள்வி: அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் ரிவர்ஸ் எடுத்த கார் ஒன்று, என் ஹேட்ச்பேக்கின் முன்பக்க இடது மூலையில் இடித்துவிட்டது. பம்பரில் கீறல் மட்டும்தான். மறுநாளிலிருந்து ஸ்டீயரிங்கை இடப்பக்கம் ஒடித்தால் 'சர்ர்' என்று உரசுகிறது. ஸ்பீடு பிரேக்கரில் 'டக்' என்கிறது. பெயின்ட் அடித்தால் போதுமா?
– வாசகர், தாம்பரம்

பதில்: பெயின்ட் கடைசி வேலை. வெளியே தெரியும் பம்பர் வெறும் பிளாஸ்டிக் உறை. அமுங்கிவிட்டு பழையபடி நிமிர்ந்துவிடும். உள்ளே இருக்கும் பிராக்கெட்டும் கிளிப்பும் ஹெட்லைட்டின் காதுகளும் அப்படி நிமிராது, உடைந்துதான் போகும்.

உரசலை நீங்களே பார்த்துவிடலாம். ஸ்டீயரிங்கை முழுக்க இடப்பக்கம் ஒடித்து வைத்து, சக்கரத்துக்கு மேலே உள்ள கறுப்பு லைனரில் (பிளாஸ்டிக் மறைப்பு) டார்ச் அடியுங்கள். இடப்பக்கம் திருப்பும்போது இடது டயரின் முன்விளிம்பு பம்பர் மூலையை நோக்கி வரும். உரசிய இடம் பளபளவென்று தேய்ந்திருக்கும். பெரும்பாலும் லைனரைப் பிடித்திருக்கும் கிளிப் பிய்ந்த கதைதான், சில்லறைச் செலவு.

'டக்' சத்தத்தை அப்படி விடாதீர்கள். அடி சக்கரத்திலும் பட்டிருந்தால் ஸ்டெபிலைசர் லிங்க் (வண்டி சாய்வதைக் குறைக்கும் தண்டின் இணைப்பு), லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைத் தாங்கும் கீழ்க் கையின் ரப்பர்), டை ராட் எண்ட் (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் முனை) மூன்றையும் சந்தேகப்பட வேண்டும். ஒர்க்‌ஷாப்பில் சக்கரத்தைத் தூக்கி, கடிகாரத்தில் 9-ம் 3-ம் இருக்கும் இடங்களைப் பிடித்து ஆட்டச் சொல்லுங்கள். ஆட்டம் இருந்தால் டை ராட் பக்கம் கோளாறு. 12, 6 இடங்களில் ஆடினால் பால் ஜாயின்ட் (சக்கரத்தின் உருண்டை மூட்டு) அல்லது வீல் பேரிங். லிங்க்கும் புஷ்ஷும் இதில் சிக்காது. அடியில் போய் இரும்புக் கம்பியை வைத்து நெம்பித்தான் பார்க்க வேண்டும்.

அலைன்மென்ட் (சக்கரக் கோணங்களைச் சரிபார்த்துத் திருத்துவது) செய்தால், சரிசெய்வதற்கு முந்தைய அளவுகளையும் பிரின்ட் எடுத்து வாங்குங்கள். பல சிறிய கார்களில் முன்சக்கரத்துக்கு டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மட்டும்தான் திருகிச் சரிசெய்ய முடியும். கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் அளவு) இடம் வலம் ஒத்துவராமல் இருந்தால் எதுவோ வளைந்திருக்கிறது. டோவை மட்டும் திருகி அனுப்பினால் டயர் ஒருபக்கமாகத் தேயும்.

கிரில் வழியாக ஏசி கண்டென்ஸரையும் (ரேடியேட்டர் போல் இருக்கும் ஏசி பாகம்) எட்டிப் பாருங்கள். கேஸ் கசிந்தால் கூடவே கம்ப்ரஸர் ஆயிலும் வருவதால் எண்ணெய்க் கறை படிந்திருக்கும்.

கேள்வி: பின்பக்கம் லேசாக இடிபட்டது. ஐடிலிங்கில் தகரம் அதிர்வதுபோல் சத்தம். மழைக்கு டிக்கியில் ஈரம்.
– வாசகி, நாகர்கோவில்

பதில்: சத்தம் சைலன்ஸரின் ஹீட் ஷீல்டாக (சூட்டைத் தடுக்கும் தகடு) இருக்கலாம், அல்லது சைலன்ஸரைத் தாங்கும் ரப்பர் கழன்றிருக்கலாம். வண்டி நன்றாக ஆறிய பிறகு கையால் தட்டினாலே தெரியும். ஈரத்துக்கு, பீடிங்கில் (டிக்கி விளிம்பில் இருக்கும் ரப்பர்) ஒரு காகிதத் துண்டை வைத்து டிக்கியை மூடி இழுங்கள். சுற்றிலும் ஒரே இறுக்கம் வேண்டும். சுலபமாக உருவி வரும் இடத்தில்தான் தண்ணீர் நுழைகிறது. ஸ்டெப்னியைத் தூக்கி அடித்தகட்டில் மடிப்பு விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். மடிப்பு இருந்தால் டிங்கரிங் வேலை பெரிது.

கேள்வி: இதற்கெல்லாம் இன்ஷூரன்ஸ் கேட்கலாமா?
– வாசகர், ஓசூர்

பதில்: தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் இருந்தால் உங்கள் வண்டிச் சேதத்துக்கு எதுவும் கிடைக்காது. முழு பாலிசி என்றால், 1,500 சிசி வரை முதல் 1,000 ரூபாய் உங்கள் கையிலிருந்து. கிளெய்ம் செய்தால் என்சிபி (நோ கிளெய்ம் போனஸ்) போய்விடும். அது ஓன் டேமேஜ் (சொந்த வண்டிச் சேதத்துக்கான) பிரீமியத்தில் 20 முதல் 50 சதவீதம் வரை கிடைக்கும் தள்ளுபடி; அந்தத் தொகையை ரிப்பேர் செலவோடு ஒப்பிட்டு முடிவெடுங்கள். கிளெய்ம் என்றால் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் சர்வேயர் பார்க்கும்முன் பம்பரைக் கழற்ற விடாதீர்கள். கழற்றிய பிறகு தெரியும் சேதத்துக்குத் துணை எஸ்டிமேட் போடலாம். அதுவரை உடைந்த பாகங்களை ஒர்க்‌ஷாப்காரர் குப்பையில் போடாமல் இருக்க வேண்டும்.