கல்யாணமான மகளுக்குப் பங்கு உண்டா?

கேள்வி: பூர்வீக நிலத்தில் பங்கு கேட்டேன். "உனக்கு 1985-லேயே கல்யாணமாகிவிட்டது, சட்டப்படி உரிமை கிடையாது" என்கிறார் அண்ணன். உண்மையா?
– ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: ஒரு காலத்தில் உண்மை, அம்மா. பெண்ணுக்கும் சமமான சொத்துரிமை வேண்டும் என்று 1929-லேயே செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டார்கள். தமிழ்நாட்டில் அது சட்டமாக 60 வருடம் பிடித்தது. அப்போதும் 1989 மார்ச் 25-க்கு முன் கல்யாணமானவர்களை வெளியே நிறுத்திவிட்டார்கள். ஒரே வீட்டில் தங்கைக்குப் பங்கு, அக்காவுக்கு இல்லை. என் பெரியம்மா அப்படி நின்றவர். தாலி ஏறும்வரை அந்த வயலில் நாற்று நட்டதும் களை பறித்ததும் அவர்தான். இன்றும் அதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இந்துக் குடும்பங்களுக்கான வாரிசுரிமைச் சட்டத்தில் மத்திய அரசு கொண்டுவந்த திருத்தம் 2005 செப்டம்பர் 9-ல் நடைமுறைக்கு வந்தது. கல்யாணமானாலும் ஆகாவிட்டாலும், மகனைப் போலவே மகளுக்கும் பிறப்பாலேயே பங்கு. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றமும் 2020 ஆகஸ்டில் சொல்லிவிட்டது.

ஆனால், 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பாகப்பிரிவினை பதிவாகியிருந்தால் அது செல்லும். முதலில், நிலத்தின் மேல் பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். அப்புறம், "சும்மா ஒரு கையெழுத்து" என்று யாராவது விடுதலைப் பத்திரத்தை (உங்கள் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதும் பத்திரம்) நீட்டினால், வக்கீலிடம் காட்டாமல் பேனாவைத் தொடாதீர்கள்.